எந்தப் பாறையில் தோண்டிய கிணறு?

என் முதுகலை ஆய்வேட்டின் முதல் வரைவை வழிகாட்டிப் பேராசிரியர் பொறுமையாகப் புரட்டிக்கொண்டிருந்தார். 18 கிணறுகள், இரண்டு பருவங்கள், ஒவ்வொரு கிணற்றுக்கும் பன்னிரண்டு அளவீடுகள். ஆறு கிணறுகளில் ஃபுளோரைடு அளவு, உலக சுகாதார நிறுவனம் சொல்லும் லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்ற வரம்பைத் தாண்டியிருந்தது. அந்தப் பகுதியில் ஒரு தொழிற்சாலை இருந்தது. அதன் கழிவுநீரே காரணம் என்று முடிவுரையில் உறுதியாக எழுதியிருந்தேன்.

அவர் கடைசிப் பக்கம்வரை போய்விட்டு மறுபடி முதல் அட்டவணைக்கு வந்தார். "இந்தக் கிணறெல்லாம் எந்தப் பாறையில தோண்டினதும்மா?"

எனக்குத் தெரியவில்லை. கிணற்றின் எண் தெரியும், அட்சரேகை தீர்க்கரேகை தெரியும், நீரின் வெப்பநிலைகூடத் தெரியும். பாறை தெரியாது. வேறு யாராவது என்றால் பரவாயில்லை. நான் இளங்கலையில் மூன்று ஆண்டு நிலவியல் படித்தவள். பாறையைப் பார்த்ததும் பெயர் சொல்லப் பழக்கப்பட்டவள். முதுகலைக்குச் சூழல் அறிவியல் துறைக்குப் போனபோது, நிலவியல் கட்டடத்தோடு சேர்த்து நிலவியலையும் விட்டுவிட்டு வந்திருக்கிறேன். அது அந்த அறையில் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கே உறைத்தது.

இந்த இரண்டு படிப்புகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க நினைப்பவர்களும், ஏற்கெனவே ஒன்றில் சேர்ந்துவிட்டவர்களும் என்னிடம் அடிக்கடி கேள்வி கேட்கிறார்கள். எது நல்லது, எதில் வேலை கிடைக்கும், எது சுலபம் என்று. இரண்டையும் படித்தவள் என்பதால் எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன்.

முதலில் பெயரிலேயே ஒரு குழப்பம் இருக்கிறது. நம் பள்ளிப் பாடத்தில் புவியியல் என்றால் ஜியாகரஃபி. நான் படித்தது நிலவியல், ஜியாலஜி. சேர்க்கைக் கடிதம் வந்தபோது வீட்டில் எல்லாரும் நான் நாடுகளும் தலைநகரங்களும் படிக்கப் போவதாகவே நினைத்தார்கள். எனக்கும் பெரிய தெளிவு இருந்ததாகச் சொல்ல முடியாது. வேதியியல் கிடைக்கவில்லை, இது கிடைத்தது.

முதல் ஆண்டின் முதல் செய்முறை வகுப்பு இன்னும் நினைவிருக்கிறது. ஒரு மரத்தட்டில் அறுபது கனிமத் துண்டுகள், பெயர்ச்சீட்டு இல்லாமல். நிறத்தைப் பார்த்துச் சொல்ல முயன்றோம், எல்லாரும் தவறினோம். குவார்ட்ஸ் ஒன்றே வெள்ளையாக, ரோஜா நிறமாக, ஊதாவாக, புகை நிறமாக எல்லாம் வரும். நிறத்தை விட்டுவிட்டு வேறு வழிகளில் அறியக் கற்றுக்கொடுத்தார்கள். ஹெமடைட் வெளியே கறுப்பாக இருந்தாலும், வெள்ளியைப்போல் பளபளத்தாலும், பளபளப்பில்லாத பீங்கான் ஓட்டில் தேய்த்தால் செங்காவிக் கோடுதான் விழும். கலீனாவைக் கையில் எடுத்த உடனே கை தாழும். அதே அளவு குவார்ட்ஸைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு எடை. கால்சைட்டில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விட்டால் பொங்கும். டோலமைட் அப்படிப் பொங்காது, சுரண்டிப் பொடியாக்கினால்தான் மெதுவாக நுரைக்கும். 1812-இல் கனிமவியலாளர் ஃபிரீட்ரிஷ் மோஸ் வகுத்த கடினத்தன்மை வரிசையை நகத்தையும் செப்புக் காசையும் கண்ணாடித் துண்டையும் வைத்தே ஓரளவு சோதித்துவிடலாம்.

தேர்வுக்கு முந்தின இரவு அட்டவணையை மனப்பாடம் செய்து போனேன். அறுபதில் இருபத்திரண்டு. அடுத்த பருவத்தில் தினமும் பத்து நிமிடம் ஆய்வகத்துக்குப் போய், கண்ணை மூடி ஒரு துண்டை எடுத்து, எடையையும் விளிம்பையும் தடவிப் பார்த்து, பிறகு கண்ணைத் திறந்து பெயர் சொல்வேன். பரீட்சை எனக்கு ஒரு பொருட்டாகவே இல்லாமல் போயிற்று. இந்தப் படிப்பில் கைக்கும் நினைவாற்றல் உண்டு. அதற்கு நேரம் கொடுத்தவர்கள் பின்னாளில் களத்தில் தடுமாறுவதில்லை என்பதை என் வகுப்பிலேயே பார்த்தேன்.

மெல்லிய சீவல்கள் தனி உலகம். பாறையை 0.03 மில்லிமீட்டர் தடிமனுக்குத் தேய்த்து, ஒளிமுனைவாக்கும் நுண்ணோக்கியில் வைத்துப் பார்ப்பது. சாம்பல் நிறக் கல் ஒன்று வண்ணக் கண்ணாடி ஜன்னலாக மாறும். மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் நுண்ணோக்கியில் பார்த்ததைக் கையால் வரைந்து பழகுங்கள். கைபேசியில் படம் எடுத்தவர்களுக்குப் படம் மட்டும்தான் மிஞ்சியது.

நிலவியல் என்னை மாற்றியது களத்தில்தான். இரண்டாம் ஆண்டு இறுதியில் இரண்டு வாரக் களமுகாம். ஒரு பகுதியை இருவர் இருவராகப் பிரித்துக் கொடுத்து, நிலவியல் வரைபடம் தயாரிக்கச் சொன்னார்கள். படுகையின், அதாவது பாறை அடுக்கின், நீட்டத்திசையையும் சாய்வுக்கோணத்தையும் திசைகாட்டியால் அளக்க வேண்டும். ஸ்ட்ரைக், டிப் என்றுதான் நாங்கள் எல்லாரும் சொல்வோம். இரண்டு நாளில் எழுபதுக்கும் மேற்பட்ட இடங்களில் அளந்தோம். இரண்டாம் நாள் இரவு, அடுத்த பகுதியை எடுத்த குழுவின் தாளை எங்கள் தாளோடு ஒட்டி வைத்துப் பார்த்தால், எல்லையில் ஒரே மணற்கல் அடுக்கு அவர்கள் தாளில் ஒரு பக்கமும் எங்கள் தாளில் வேறு பக்கமும் ஓடியது. நடுவில் பாறை உடைந்து நகர்ந்த ஒரு பிளவுப்பெயர்ச்சி இருக்கிறது என்று என் கூட்டாளி உற்சாகமாகக் கோடு வரையவே தொடங்கிவிட்டாள்.

பிளவு எதுவும் இல்லை. காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் உள்ள கோண வேறுபாட்டை ஈடுசெய்ய அந்தத் திசைகாட்டியில் ஒரு சிறிய திருகு உண்டு. எங்களுக்கு முன்னால் அதை வேறெங்கோ கொண்டுபோனவர்கள் அந்த ஊருக்குத் தகுந்தபடி திருகி வைத்திருந்தார்கள். நாங்கள் சரிபார்க்கவில்லை. அதில் எடுத்த திசை அளவுகள் எல்லாம் ஒரே கோணத்தால் பிசகியிருந்தன. நல்ல வேளையாக எந்தத் திசைகாட்டியால் அளந்தோம் என்று ஒவ்வொரு பக்கத்தின் மேலும் அதன் எண்ணை எழுதி வைத்திருந்தேன். எனவே எந்தெந்த அளவுகளைத் திருத்த வேண்டும் என்று தெரிந்தது. இரண்டு நாள் உழைப்பு பிழைத்தது. அன்றிலிருந்து எந்தக் கருவியை எடுத்தாலும் காலையில் முதல் வேலை, இருவர் இரண்டு கருவிகளால் ஒரே பரப்பை அளந்து பார்ப்பது. சுத்தியலையும் கைபேசியையும் திசைகாட்டியிலிருந்து தள்ளி வைப்பதும் அதோடு சேர்த்தி.

அதே முகாமில் செய்த இன்னொரு தவற்றைத் திருத்த முடியவில்லை. முதல் நாள் ஒரு மணற்கல் பாறை முகத்தின் முன் நின்று குறிப்பேட்டில் "ஆற்றுப் படிவு" என்று இரண்டே சொல் எழுதிவிட்டு நகர்ந்தேன். பத்து நாள் கழித்து மற்ற இடங்களைப் பார்த்தபோது, அங்கே பல மீட்டர் உயரத்துக்குச் சாய்வான குறுக்குப் படுகைகள், ஒரே அளவான மணல்மணிகள், மங்கலாகத் தேய்ந்த மணிப்பரப்பு. காற்று குவித்த மணல்மேடுகளாக இருக்கலாம் என்று பட்டது. அப்படியானால் முதல் நாள் பார்த்ததும் அதுதானா? மணியின் அளவு என்ன, படுகையின் உயரம் என்ன, எந்தப் பக்கம் சாய்ந்தது, எதையும் நான் எழுதவில்லை. எழுதியிருந்தது என் முடிவு மட்டும். திரும்பிப் போக நாளும் இல்லை.

அதன்பிறகு குறிப்பேட்டின் இடப்பக்கத்தில் கண்ணால் கண்டது, வலப்பக்கத்தில் மனத்தில் தோன்றியது என்று பிரித்து எழுதத் தொடங்கினேன். இடப்பக்கத்தில் அளவு, நிறம், மணி, திசை, ஓவியம். வலப்பக்கத்தில் கேள்விக்குறியோடு ஊகங்கள். பல ஆண்டுகளுக்குப் பிறகும் அதே பழக்கம்தான். வலப்பக்கங்கள் பெரும்பாலும் பொய்த்துப்போயின. இடப்பக்கங்கள் இன்றைக்கும் பயன்படுகின்றன.

முகாமின் கடைசி நாள்களில் ஒன்றில் எங்களை ஓர் ஓடைக்கரைக்கு அழைத்துப் போனார்கள். கீழே செங்குத்தாக நிமிர்ந்து நிற்கும் பழைய பாறை அடுக்குகள். அவற்றை அரிவாளால் சீவியதுபோல் ஒரு கோடு. கோட்டுக்கு மேலே கிடைமட்டமாகப் படிந்த கூழாங்கல் பாறை. அந்தக் கூழாங்கற்களில் பல, கீழே நிற்கும் அதே பாறையின் துண்டுகள். அடியில் உள்ளது படிந்து, இறுகி, மடிந்து, நிமிர்ந்து, மலையாகி, தேய்ந்து தரைமட்டமான பிறகே மேலே உள்ளது வந்து படிந்திருக்கிறது. 1788-இல் ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில், சிக்கார் முனை என்ற இடத்துக்கு நிலவியலின் முன்னோடி ஜேம்ஸ் ஹட்டன் படகில் போய், நண்பர்கள் ஜான் பிளேஃபேருக்கும் ஜேம்ஸ் ஹாலுக்கும் காட்டியதும் இப்படிப்பட்ட ஒரு கோட்டைத்தான். அங்கே இரண்டு அடுக்குகளுக்கும் நடுவே விடுபட்டுப்போன காலம் சுமார் 6.5 கோடி ஆண்டு என்று இன்று கணக்கிடுகிறார்கள். ஹட்டனுக்கு அந்த எண் தெரியாது. காலம் மிக மிக நீண்டது என்பது மட்டும் கோட்டைப் பார்த்தே புரிந்தது. எங்கள் ஓடைக்கரையில் நான் அந்தக் கோட்டின்மேல் உள்ளங்கையை வைத்தேன். மேல்விரல்கள் ஒரு காலத்திலும் கீழ்விரல்கள் வேறொரு காலத்திலும் இருந்தன. யாரும் பேசவில்லை. நிலவியல் படித்ததற்கு அந்த ஒரு நாள் போதும் என்று இப்போதும் நினைக்கிறேன்.

சூழல் அறிவியல் துறைக்கு வந்ததும் காலம் சட்டென்று சுருங்கிவிட்டது. நீரிலுள்ள கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்கள் எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜனை, அதாவது உயிர்வேதி ஆக்சிஜன் தேவையை, அளக்க 20 டிகிரியில் 5 நாள். ஒரு நதி செத்துக்கொண்டிருக்கிறதா என்பதை அந்த ஐந்து நாளில் ஒரு பாட்டில் சொல்லிவிடும். கோடி ஆண்டுகளில் யோசித்துப் பழகிய எனக்கு அந்த அவசரம் பிடித்திருந்தது. இங்கே தவறு செய்தால் யாரோ ஒருவர் கெட்ட நீரைக் குடிப்பார் என்ற நெருக்கம் இருந்தது.

அந்தத் துறை எனக்குக் கற்றுக்கொடுத்ததில் மிகப் பெரியது, என் எண்ணையே சந்தேகிப்பது. உலோகங்களை அளக்க வேண்டுமானால் நீரைக் களத்திலேயே 0.45 மைக்ரான் வடிதாளில் வடித்து, நைட்ரிக் அமிலம் சேர்த்து, பி.எச். எனும் அமில-கார அளவை இரண்டுக்குக் கீழே இறக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆய்வகத்துக்கு வருவதற்குள் இரும்பு துருவாகி அடியில் படிந்து, தன்னோடு மற்ற உலோகங்களையும் இழுத்துக்கொள்ளும். ஆழ்துளைக் கிணற்றில் குழாய்க்குள் தேங்கி நின்ற பழைய நீரை முதலில் இறைத்துக் கொட்ட வேண்டும். வெப்பநிலையும் மின்கடத்துதிறனும் நிலைத்து நின்ற பிறகுதான் பாட்டிலை நீட்ட வேண்டும். ஒவ்வொரு பயணத்திலும் தூய நீர் நிரப்பிய ஒரு பாட்டிலைக் கூடவே எடுத்துப்போய், களத்தில் திறந்து மூடி, மற்றவற்றைப் போலவே சோதனைக்கு அனுப்ப வேண்டும். வெற்று மாதிரி என்பார்கள். அதில் எதுவும் இருக்கக் கூடாது.

என் முதல் வெற்று மாதிரியில் துத்தநாகம் இருந்தது. அந்த நாளில் எடுத்த மாதிரிகள் எல்லாவற்றிலும் ஏறக்குறைய அதே அளவு. கிணறுகளில் துத்தநாகம் இருப்பதாக எழுத இருந்தேன். நான் அணிந்திருந்த கையுறையின் மாவிலிருந்து வந்திருக்கிறது. மாவு இல்லாத கையுறைக்கு மாறியதும் போய்விட்டது. ஆய்வகத்தில் மூத்த மாணவர் ஒருவர் அன்று ஆறுதலாகச் சொன்ன பெயர் கிளேர் பேட்டர்சன்.

அந்தப் பெயரை நான் இளங்கலையிலேயே கேட்டிருந்தேன். விண்கற்களில் உள்ள ஈயத்தின் ஐசோடோப்புகளை அளந்து, பூமியின் வயது 455 கோடி ஆண்டு என்று 1956-இல் வெளியிட்டவர். எங்கள் நிலவியல் வகுப்பில் அவர் கதை அதோடு முடிந்தது. அந்த எண்ணை எட்ட அவர் பட்ட பாட்டை யாரும் சொல்லவில்லை. அளக்க அளக்க ஈயம் கூடுதலாகவே வந்தது. கல்லில் இருந்ததைவிட ஆய்வகக் காற்றிலும் பாத்திரத்திலும் வேதிப்பொருள்களிலும் அதிக ஈயம் இருந்தது. ஆண்டுக்கணக்கில் எல்லாவற்றையும் அமிலத்தில் கழுவி, வெளிக்காற்று புகாத ஆய்வகம் ஒன்றை அமைத்த பிறகுதான் நம்பத்தகுந்த அளவீடு கிடைத்தது. பூமியின் வயதோடு அவர் நிறுத்தவில்லை. இவ்வளவு ஈயம் எங்கிருந்து வந்தது என்று கேட்டார். கடல்நீரை அளந்தார், துருவப் பனியை அளந்தார். பழைய பனியில் மிகக் குறைவு. அண்மைக் காலப் பனியில் பல மடங்கு. வாகன எரிபொருளில் கலக்கும் ஈயம் முக்கியக் காரணம் என்று 1965-இலேயே எழுதியிருந்தார். கடும் எதிர்ப்பு வந்தது, விடவில்லை. ஈயம் கலந்த பெட்ரோல் வாகனங்களுக்கு விற்பது உலகில் கடைசியாக 2021-இல்தான் நின்றது.

சூழல் வகுப்பிலும் அவர் வந்தார். அங்கே கதை பெட்ரோலில்தான் தொடங்கியது. வயதைக் கண்டவரும் ஈயத்தை எதிர்த்தவரும் ஒரே மனிதர், ஒரே ஈயத்தை அளந்து இரண்டையும் கண்டவர் என்று எனக்குத் தெரிய நான்கு ஆண்டு ஆயிற்று. இரண்டு துறைகளும் அவரை நடுவில் வெட்டி ஆளுக்குப் பாதி வைத்துக்கொண்டிருந்தன. என் படிப்பும் அப்படித்தான் இருந்திருக்கிறது.

ஆய்வேட்டுக்குத் திரும்புகிறேன். பேராசிரியரின் கேள்விக்குப் பதில் தேடி 18 கிணறுகளுக்கும் மறுபடி போனேன். இந்த முறை நீர் எடுக்கவில்லை, கேள்வி கேட்டேன். எவ்வளவு ஆழம், எப்போது தோண்டியது, தோண்டும்போது என்ன வந்தது. எழுதி வைத்த பதிவேடு எங்கும் இல்லை. ஆனால் மனிதர்களுக்கு நினைவிருந்தது. ஃபுளோரைடு மிக அதிகமாக இருந்த கிணற்று வீட்டில் ஒரு வயதான அம்மா சொன்னார்: "முதல்ல மண்ணு வந்துச்சு. அப்புறம் செவப்பா, சொதசொதன்னு. அதுக்குக் கீழ கருப்பும் வெள்ளையுமா கல்லுப்பொடி. வெயில்ல மினுமினுன்னு மின்னுச்சும்மா." மேல்மண், சிதைந்த பாறை, அதன்கீழ் பயோட்டைட் மைக்கா நிறைந்த நைஸ் பாறை. நிலவியல் பாடப்புத்தகத்தில் இருக்க வேண்டிய துளைப்பதிவை அவர் ஒரு மூச்சில் சொல்லிவிட்டார். நான் உடனே குறிப்பேட்டின் இடப்பக்கத்தில் எழுதிக்கொண்டேன்.

ஃபுளோரைடு அதிகமான ஆறு கிணறுகளும் ஆழமானவை, அந்தக் கடினப் பாறைக்குள் இறங்கியவை. தொழிற்சாலைக்கு அருகில் இருந்தவை ஆழமில்லாத, வண்டல் மண்ணில் தோண்டிய கிணறுகள்; அவற்றில் ஃபுளோரைடு குறைவு. இந்த ஒழுங்கு என் அட்டவணையிலேயே இருந்திருக்கிறது, நான் பார்க்கவில்லை. வேதியியலும் அதையே சொன்னது. ஃபுளோரைடு உயர்ந்த இடங்களில் கால்சியம் தாழ்ந்து, சோடியமும் பைகார்பனேட்டும் கூடி, பி.எச். எட்டைத் தாண்டியிருந்தது. கால்சியமும் ஃபுளோரைடும் சேர்ந்து ஃப்ளூரைட் என்ற கனிமமாகப் படியும் என்பதால், நீரில் இரண்டும் ஒருசேர உயர்ந்து நிற்க முடியாது. நீர் பாறைக்குள் நீண்ட காலம் தங்கித் தன் கால்சியத்தை இழந்துவிட்டால், பயோட்டைட்டிலிருந்தும் அபடைட்டிலிருந்தும் வரும் ஃபுளோரைடைத் தடுக்க ஆள் இல்லை. முதல் ஆண்டு மரத்தட்டில் தடவிப் பார்த்த கனிமங்கள்தான் இவை எல்லாம்.

அப்படியானால் தொழிற்சாலை நல்லது என்று எழுதிவிடலாமா? நிலவியல் பின்னணியிலிருந்து வருபவர்கள் சறுக்குவது இங்கேதான். "இயற்கையாக உள்ளது" என்ற சொல் கிடைத்ததும் கோப்பை மூடிவிடுவார்கள். நானும் மூடப் போனேன். ஃபுளோரைடிலேயே கண்ணாக இருந்ததில், ஆழமற்ற கிணறுகள் மூன்றில் குளோரைடும் நைட்ரேட்டும் மற்றவற்றைவிடப் பல மடங்கு இருந்ததைப் பொருட்படுத்தாமல் விட்டிருந்தேன். அது பாறையிலிருந்து வந்ததாகத் தெரியவில்லை.

அந்த மூன்று கிணறுகளும் கழிவுநீர்த் தேக்கத்துக்குக் கீழ்ப்பக்கம் உள்ளனவா என்று தெரிய வேண்டும். நிலத்தின் சரிவைப் பார்த்துச் சொல்லக் கூடாது; நிலத்தடி நீரின் சரிவு வேறு. அதற்கு ஒரே கோட்டில் அமையாத மூன்று கிணறுகளின் நீர்மட்டம் போதும். ஒரு படுகை மூன்று இடங்களில் எந்த உயரத்தில் இருக்கிறது என்று தெரிந்தால் அதன் ஸ்ட்ரைக்கையும் டிப்பையும் வரைந்துவிடலாம் என்று இளங்கலையில் எத்தனை தாள் வரைந்திருப்போம்! அதே கணக்குதான். படுகைக்குப் பதில் நீர்மட்டம், சாய்வுத்திசைக்குப் பதில் நீரோட்டத்திசை. 1856-இல் பிரெஞ்சுப் பொறியாளர் ஆன்ரி தார்சி மணல் நிரப்பிய குழாய்களில் நீரை ஓட்டிக் கண்ட விதியைக் கொண்டு வேகத்தையும் ஓரளவு மதிப்பிடலாம். ஒன்று மட்டும் எச்சரிக்கை: கிணற்று விளிம்புகளின் உயரத்தைக் கைபேசி ஜி.பி.எஸ். கொண்டு எடுக்காதீர்கள். அதன் பிழை பல மீட்டர் போகும். நீர்மட்ட வேறுபாடு சில நேரம் அரை மீட்டர்கூட இருக்காது. நான் உயர வேறுபாட்டை அளக்கும் லெவல் கருவியைக் கடன் வாங்கி மூன்று நாள் அளந்தேன். நீர் தேக்கத்திலிருந்து அந்த மூன்று கிணறுகளை நோக்கித்தான் நகர்ந்தது.

ஆய்வேட்டின் முடிவுரை இரண்டாகப் பிரிந்தது. ஃபுளோரைடு பாறையிலிருந்து. குளோரைடும் நைட்ரேட்டும் பெரும்பாலும் தேக்கத்திலிருந்து. பாறையைப் பார்க்காமல் எழுதியிருந்தால் தொழிற்சாலைமேல் தவறான குற்றச்சாட்டை வைத்து, சரியான குற்றச்சாட்டைத் தவறவிட்டிருப்பேன். என் முதல் வரைவை யாராவது எடுத்துக்கொண்டு வாதாடியிருந்தால் எதிர்த்தரப்பு ஒரு நிலவியலாளரை அழைத்து வந்து ஒரே நாளில் அதைக் கிழித்திருக்கும். அதோடு குளோரைடும் மறைந்துபோயிருக்கும்.

இது என் சின்ன ஆய்வின் கதை. இதே பிளவு பெரிய அளவில் என்ன செய்யும் என்பதற்கு வங்கதேசம் இருக்கிறது. குளத்து நீரால் வரும் வயிற்றுப்போக்கிலிருந்து குழந்தைகளைக் காப்பாற்ற 1970-களிலிருந்து லட்சக்கணக்கில் குழாய்க் கிணறுகள் போட்டார்கள். நோக்கம் நல்லது, கிருமி இல்லாத நீர் கிடைத்தது. ஆனால் அந்த டெல்டா வண்டலில் இரும்பு ஆக்சைடுகளோடு ஒட்டிய ஆர்செனிக் இருந்தது. புதைந்த கரிமப்பொருள் ஆக்சிஜனைத் தின்று தீர்த்த ஆழத்தில் அந்த ஆக்சைடு கரைந்து ஆர்செனிக்கை நீரில் விடுகிறது. 1993-இல்தான் அங்கே கிணற்று நீரில் அது இருப்பது உறுதியானது. அதற்குள் கோடிக்கணக்கானவர்கள் அந்த நீரைக் குடித்துக்கொண்டிருந்தார்கள். நீரைச் சோதித்தவர்கள் கிருமியைத் தேடினார்கள். இந்த வண்டலிலிருந்து என்ன கரையும் என்ற கேள்வி உரிய நேரத்தில் கேட்கப்படவில்லை. இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

இப்போது, படிப்பைத் தேர்ந்தெடுப்பவர்களுக்கு. பட்டத்தின் பெயரைவிடப் பாடத்திட்டத்தைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். மொத்தம் எத்தனை நாள் களப்பணி என்று கேளுங்கள். பேருந்திலிருந்து இறங்கிப் பார்த்துவிட்டு ஏறும் சுற்றுலாவைக் களப்பணியில் சேர்க்க வேண்டாம். கருவிகளை மாணவர்களே இயக்குகிறார்களா, கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்கிறார்களா என்று மூத்த மாணவர்களிடம் கேளுங்கள். நிலவியலில் சேர்ந்தால் வேதியியலையும் புள்ளியியலையும் விருப்பப் பாடமாக எடுத்துக்கொள்ளுங்கள். சூழல் அறிவியலில் சேர்ந்தால் மண்ணியலும் நிலத்தடி நீரியலும் பாடத்திட்டத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லாவிட்டால் பக்கத்துத் துறையில் போய் உட்கார அனுமதி கேளுங்கள். எனக்கு யாரும் மறுத்ததில்லை.

பெண்கள் களமுகாமைப் பற்றி இன்னும் சில கேள்விகள் கேட்க வேண்டும். தங்குமிடம் எப்படி, கழிப்பறை வசதி உண்டா, தனியாக அனுப்புவார்களா, பெண் ஆசிரியர் கூட வருவாரா. கேட்கக் கூச்சமாக இருந்ததால் முதல் முகாமில் நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருந்தேன். நான்காம் நாள் காய்ச்சல். அடுத்த முகாமுக்கு முன் நாங்கள் நான்கு பேராகப் போய்ப் பேசினோம், ஏற்பாடு செய்தார்கள். பேசாமல் தாங்கிக்கொள்வதில் எந்தப் பெருமையும் இல்லை.

கணினியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை; கணினியில் வரைபடம் தயாரிக்கும் ஜி.ஐ.எஸ். கட்டாயம், அதற்கான கியூஜிஐஎஸ் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. பழைய தாள் வரைபடத்தைப் புதிய ஜி.பி.எஸ். புள்ளிகளோடு சேர்க்கும்போது இரண்டும் ஒரே ஆயத்தொலை முறையில் உள்ளனவா என்று பாருங்கள். பார்க்காவிட்டால் கிணறு ஆற்றுக்குள் போய் நிற்கும்.

நீர்ப் பகுப்பாய்வு செய்பவர்களுக்கு ஒரு பழக்கம்: எண்கள் வந்த உடனே நேர்மின் அயனிகளையும் எதிர்மின் அயனிகளையும் மில்லி ஈக்விவலன்ட்டாக, அதாவது மின்சுமைக் கணக்கில், மாற்றிக் கூட்டிப் பாருங்கள். இரண்டும் ஏறக்குறையச் சமமாக வர வேண்டும். 5 சதவீதத்துக்கு மேல் வேறுபாடு என்றால் எங்கோ பிழை. என் முதல் தொகுதியில் 14 சதவீதம் வந்தது. காரத்தன்மையைக் களத்திலேயே அளக்காமல் பாட்டிலை ஒரு வாரம் வைத்திருந்ததுதான் காரணம். இந்தக் கூட்டலுக்குப் பத்து நிமிடம் போதும். அதை உடனே செய்யாமல் விட்டது என்னை ஒரு பருவம் முழுக்கத் திரும்ப அலைய வைத்தது.

வேலை பற்றி: இரண்டு துறைகளிலும் என்னோடு படித்தவர்கள் பல இடங்களில் பரவிக் கிடக்கிறார்கள். நிலத்தடி நீர், சுரங்கம், சுரங்கப்பாதையும் அணையும் கட்டும் நிறுவனங்கள், மாசடைந்த நிலத்தைச் சீர்செய்தல், சூழல் தாக்க மதிப்பீடு, ஆய்வகம், கற்பித்தல். சீக்கிரம் வேலை கிடைத்தவர்களிடம் நான் பார்த்த ஒரு பொதுத்தன்மை, களத்தில் தாங்களே எடுத்த மாதிரியைத் தாங்களே அளந்து தாங்களே எழுதிய ஓர் அறிக்கை கையில் இருந்தது. அது இருபது பக்கமாக இருந்தாலும் போதும்.

ஆய்வேடு ஏற்கப்பட்டு, மதிப்பெண்ணும் வந்த பிறகு, விட்டுப்போன ஓர் அளவுக்காக அந்த வயதான அம்மாவின் வீட்டுக்கு மறுபடி போனேன். அவர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். "ஏம்மா, ரெண்டு தடவ பாட்டில்ல பிடிச்சிட்டுப் போனியே, இந்தத் தண்ணிய நாங்க குடிக்கலாமா கூடாதா? ஒண்ணும் சொல்லாம போயிட்டியே."

நூற்றிருபது பக்கம் எழுதியிருந்தேன். அவர் கேட்டதற்கு அதில் ஒரு வரி பதில் இல்லை. வாசலில் பேரக் குழந்தை நின்றிருந்தது. பல்லில் பழுப்புக் கோடுகள், ஃபுளோரைடு மிகுந்தால் வருபவை. முன்பு வந்தபோதும் அந்தக் குழந்தை அங்கேதான் நின்றிருக்க வேண்டும்.

திண்ணையில் உட்கார்ந்து சொன்னேன். குடிக்கவும் சமைக்கவும் வேண்டாம். கொதிக்க வைத்தால் போகாது, நீர் சுண்டுவதால் இன்னும் கூடும். துணி துவைக்க, குளிக்கத் தடையில்லை. மேல்பக்கத்தில் நான்கு வீடு தள்ளி உள்ள ஆழமில்லாத பழைய கிணற்றில் ஃபுளோரைடு குறைவு, குளோரைடும் நைட்ரேட்டும் குறைவுதான். கிருமி இருக்கலாம், அதனால் அந்த நீரைக் காய்ச்சிக் குடிக்க வேண்டும்.

"அந்தக் கிணத்துத் தண்ணிதான முன்ன குடிச்சோம்" என்றார். "இந்த போர் போட்டப்புறம் விட்டுட்டோம்."

அடுத்த வாரம் 18 வீடுகளுக்கும் ஆளுக்கு ஒரு தாள் தயாரித்தேன். தமிழில், பெரிய எழுத்தில், அந்தந்தக் கிணற்றுக்கு மட்டும்: என்ன இருக்கிறது, எதற்குப் பயன்படுத்தலாம், எதற்குக் கூடாது, அருகில் எந்தக் கிணறு. இரண்டு நாள் நடந்து கொடுத்தேன். அவர் அதை வாங்கி, எழுத்துக்கூட்டி ஒரு முறை வாசித்தார். சந்தேகம் வந்த ஒரு சொல்லை என்னிடம் கேட்டார். பிறகு மாவு கரைத்து, தண்ணீர்ப் பானைக்கு மேலே சுவரில் ஒட்டினார்.